மூன்றாம் தலைமுறை ஐ5-இல் விண்டோஸ் 7 முதல் 11 வரை

ஏதோ ஒரு அலுவலகம் கழித்துக்கட்டி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வழியாக என்னிடம் வந்த டெஸ்க்டாப் இது. மூன்றாம் தலைமுறை ஐ5, டிடிஆர்3 ரேம் 8 ஜிபி. வந்தபோது விண்டோஸ் 7, அப்புறம் 10, இப்போது 11. டைப்பிங், டிடிபி (பக்க வடிவமைப்பு), பில் போடுவது என்று தினமும் ஓடுகிறது. இத்தனை வருடம் ஓட்டியதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பழைய சிஸ்டத்தில் அப்டேட் நின்றுபோனால் பிழை எண்ணைத் தேடி ஓடுவதற்கு முன் தேதி, டிஸ்க், காலி இடம் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

தேதியை யாரும் பார்ப்பதில்லை. பத்து வருடம் தாண்டிய மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அப்டேட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வராத ஒன்றாக விண்டோஸுக்குத் தெரிவதால் தொடர்பை மறுத்துவிடும். திரையில் வருவதோ 80072எஃப்8எஃப் என்ற எண் மட்டும். இதை வைத்துக்கொண்டு ரெஜிஸ்ட்ரியைக் குடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாட்ச் கடையிலேயே கிடைக்கிற பேட்டரி. மாற்றிவிட்டு பயாஸில் தேதியைச் சரிசெய்தால் போதும்.

அடுத்து டிஸ்க். பழைய ஹார்டு டிஸ்க்கில் அப்டேட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும், மவுஸ்கூட நகராது. 240 ஜிபி எஸ்எஸ்டி போட்ட பிறகு அந்தத் தொல்லை போனது. ரேமைக் கூட்டுவதைவிட இதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இவையெல்லாம் சரியாக இருந்தும், சி டிரைவில் காலி இடம் இருந்தும் அப்டேட் இறங்காவிட்டால்தான் கட்டளைகள் பக்கம் போவேன். அப்டேட் சர்வீஸையும், பின்னணியில் கோப்புகளை இறக்கும் பிட்ஸ் சர்வீஸையும் நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றினால், எல்லாவற்றையும் புதிதாக இறக்கும். விண்டோஸ் கோப்புகள் கெட்டிருந்தால் முதலில் டிஸம் கட்டளை, அப்புறம்தான் எஸ்எஃப்சி கட்டளை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுப்பது விண்டோஸின் உள் சேமிப்பிலிருந்து. அந்தச் சேமிப்பே கெட்டிருந்தால் அதைச் சரிசெய்வது டிஸம்தான்.

இதிலெல்லாம் அடங்காத ஒன்றும் வந்தது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி 5034441 என்ற அப்டேட். உலகம் முழுக்கப் பலருக்கு 80070643 என்று நின்றது. சி டிரைவில் எவ்வளவு இடம் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் அது கேட்டது ரெக்கவரி பார்ட்டிஷனில் (விண்டோஸ் பழுதானால் மீட்பதற்கென்று டிஸ்க்கில் ஒதுக்கிய தனிப் பகுதி) 250 எம்பி காலி இடம். திரையில் வந்த செய்தியில் அதைப் பற்றி மூச்சே இல்லை. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வழி இதுதான்: ரீஏஜென்ட்சி கட்டளையால் ரெக்கவரியை அணைத்து, சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி, பழைய ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்துப் பெரிதாக மீண்டும் உருவாக்க வேண்டும். ஆனால் பழைய விண்டோஸ் 10 நிறுவல்களில் ரெக்கவரி பார்ட்டிஷன் டிஸ்க்கின் ஆரம்பத்தில், சி டிரைவுக்கு முன்னால் இருக்கும். சி-யைச் சுருக்கினால் இடம் வருவதோ கடைசியில். அதனால் கடைசியில் புதிதாக ஒன்றை உருவாக்கித்தான் சரிசெய்தேன். பார்ட்டிஷன்களை அழிக்கவும் உருவாக்கவும் உதவும் டிஸ்க்பார்ட் கட்டளையில் ஒரு எண் மாறினால் மொத்த டேட்டாவும் போய்விடும். பேக்கப் எடுக்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட், இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும். என் சிஸ்டத்தில் எட்டாம் தலைமுறைக்கு வழியே இல்லை. ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்துப் பென் டிரைவ் தயாரிக்கும்போது இந்தச் சோதனைகளை நீக்கும் டிக் பெட்டிகள் வரும். அவற்றைத் தேர்ந்தெடுத்துப் புதிதாக ஓஎஸ் போட்டேன். விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்தது என்பதால் நெட் வந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆனது. கிராஃபிக்ஸ் டிரைவரும் அப்டேட் வழியாகவே வந்துவிட்டது.

மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டுகள் எனக்குத் தவறாமல் வருகின்றன. இப்படிப் போட்ட கணினிகளுக்கு அப்டேட் கொடுக்கும் பொறுப்பு தங்களுக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது, ஆகவே நாளைக்கு நின்றால் சண்டை போட முடியாது. வருடாந்திரப் பதிப்பு மட்டும் தானாக வராது. 24எச்2 என்ற 2024-ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் போக அதன் ஐஎஸ்ஓ கோப்பைத் திறந்து, செட்டப் கட்டளையோடு ‘புராடக்ட் சர்வர்’ என்று சேர்த்து ஓட்டினேன். ஜன்னலில் ‘விண்டோஸ் சர்வர்’ என்று வரும், பதற வேண்டாம்; உள்ளே ஏறுவது விண்டோஸ் 11 தான். ‘ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்’ என்ற தேர்வு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பட்டனை அழுத்துங்கள்.

டிடிபி செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஃபார்மட் போடும் முன் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களை விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து வைப்போம். அது போதாது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, சாதாரணமாக ‘இன்ஸ்டால்’ கொடுத்த எழுத்துருக்கள் யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. சி டிரைவில் மறைந்திருக்கும் அதையும் நகலெடுங்கள், இல்லாவிட்டால் பழைய வாடிக்கையாளரின் கல்யாணப் பத்திரிகையைத் திறக்கும்போது தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

‘அண்ணே, என் லேப்டாப்லயும் இதையே போட்டுக் குடுங்க’ என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் பிராசஸரைப் பார்ப்பேன். கோர் 2 டியோ என்றால் பேச்சே இல்லை. 24எச்2 கேட்கும் பாப்கவுன்ட், எஸ்எஸ்இ 4.2 என்ற பிராசஸர் கட்டளைகள் முழுதாக அதில் இல்லை, பூட்டே ஆகாது. முதல் தலைமுறை ஐ வரிசையோ அதற்கு மேலோ என்றால் ஓடும். ஆனாலும் அவர் வெளியூரில் இருந்தால் போட்டுக் கொடுப்பதில்லை, வருடத்துக்கு ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தாலும், அதன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருப்பவர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம். வெளியூர்க்காரர்களை நான் சேர்த்துவிடுவது அதில்தான்.