சென்னையில் மாண்டலின் வாங்கப் போகிறீர்களா?

ஊருக்குப் போகும்போது மாண்டலின் வாங்கிவரலாமா என்று நியூ ஜெர்சி நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் என்ன வாசிக்கப்போகிறீர்கள் என்பதைக் கடைக்குள் நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கேட்பது அபூர்வம்.

அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிகலில் அவசரப்படுத்தாமல் எடுத்துப் பார்க்க விட்டார்கள். மயிலாப்பூர் பக்கம் இன்னொரு கடையில், கர்நாடக சங்கீதம் கற்கும் அக்கா மகளுக்கு என்றேன். எட்டுக் கம்பி மாண்டலின் ஒன்றை எடுத்து வைத்து, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் விற்பனைப் பையன்.

எப்படி ஒன்றாகும்? எட்டுக் கம்பி என்பது நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரே சுருதி. பழைய சினிமாப் பாட்டில் வரும், ஒரே ஸ்வரத்தை விடாமல் வேகமாக மீட்டும் அந்த ட்ரெமொலோவுக்கு ஜோடிக் கம்பிதான் அழகு. அதிலேயே தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தைக் கம்பியை இழுத்து வாசித்துப் பாருங்கள். இரண்டு கம்பியும் ஒரே அளவுக்கு ஏறாது, ஸ்வரம் பிளந்து கேட்கும். மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்துப் புகழ்பெற்ற யு. ஸ்ரீநிவாஸ் ஒற்றைக் கம்பிகள் ஐந்து பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினை வாசித்தது சும்மா இல்லை. இந்தக் குட்டி வாத்தியத்தில் நாதம் சட்டென்று அடங்கிவிடும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு அது நிற்க வேண்டும், அதற்குத்தான் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும். அவளுக்கு அந்த வகையையே, அவள் வாத்தியார் மூலம் சொல்லி வைத்தோம்.

எனக்கு வாரக் கடைசியில் ப்ளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைக் கூட்டம். அங்கே தாளத்துக்குக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) வெட்டி அடிக்க 'எஃப்' வடிவத் துளை உள்ள மாண்டலின் எடுப்பாக இருக்கும். தனியாக மெட்டு வாசிப்பவருக்கு வட்டத் துளையின் கனிந்த நாதம் பிடிக்கும். மேலே சுருண்டிருக்கும் அலங்காரக் கொம்பு வார் மாட்ட உதவும், விலையை ஏற்றும், அவ்வளவுதான்.

நான் கொண்டுபோன மாண்டலின் சென்னை ஈரத்தில் உப்பி, கம்பி உயர்ந்துவிட்டது. ராயப்பேட்டையில் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் அதை வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "மெட்டு வாசிப்பீங்களா, கார்டு அடிப்பீங்களா?" ரெண்டும் என்றேன். கம்பிகளைத் தளர்த்தி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் இருபக்கச் சின்னச் சக்கரங்களைக் கால் சுற்று இறக்கினார். பிறகு கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தியும் அழுத்தாமல் தொட்டும் ஒலியை ஒப்பிட்டு, பிரிட்ஜை நகத்தளவு நகர்த்தினார். கூலி 600 ரூபாய். "குளிர்காலத்துல ஹீட்டர் போட்டா மரம் காஞ்சு கம்பி இறங்கும், ஃப்ரெட்ல இரையும். அப்ப இதை மறுபடி ஏத்திக்கோங்க" என்று சக்கரத்தை என்னையே திருகச் சொல்லிக் காட்டினார்.

கம்பி மட்டும் அமெரிக்காவிலிருந்தே கொண்டுபோங்கள். பெரும்பாலான மாண்டலினுக்கு நுனியில் வளையம் உள்ள கம்பி வேண்டும். நான் கேட்ட கடைகளில் கிடைத்தது கிட்டார்க் கம்பிபோல குண்டு வைத்தது. கம்பியின் அடிமுனையை மாட்டும் என் டெயில்பீஸ் கொக்கியில் அது மாட்டாது.