மோட்டார்ஹோமில் நாற்றம்: பி-ட்ராப்பா, ஹெப்வோ வால்வா?

மோட்டார்ஹோம் என்பது சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி. அதற்குள் அழுகிய முட்டை வாடை அடித்தால் எல்லோரும் கழிவறைத் தொட்டியைத்தான் சந்தேகப்படுவார்கள். முதலில் ஷவர் வடிகாலுக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். அந்த வழியாக வாடை மேலே வராமல் தடுப்பது பி-ட்ராப் அல்லது ஹெப்வோ வால்வு.

பி-ட்ராப் நம் வீடுகளில் இருக்கும் அதே வளைந்த குழாய்தான். வளைவில் தேங்கும் தண்ணீர்தான், ஷவர், சிங்க் தண்ணீர் போய்ச் சேரும் கழிவுநீர்த் தொட்டியின் வாயுவை மறிக்கிறது. ஆனால் வீடு நகராது, வண்டி நகரும். மேடுபள்ளத்தில் தண்ணீர் தளும்பிப் போய்விடும். அரிசோனா வெயிலில் சில வாரம் நிறுத்தி வைத்தால் ஆவியாகிவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும், செலவே இல்லை. ஆனால் அதை ஒவ்வொரு தடவையும் மறக்காமல் செய்ய வேண்டுமே! கனடாக் குளிரில் என்றால் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க, வண்டிகளுக்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸையும் ஊற்ற வேண்டும்.

ஹெப்வோவில் தண்ணீர் தேங்குவதே இல்லை. உள்ளே ஒரு சிலிக்கோன் சவ்வு. தண்ணீர் வந்தால் விரியும், வடிந்ததும் உதடுகள் போல ஒட்டிக்கொள்ளும். படுக்கைவாட்டிலும் பொருத்தலாம் என்பதால் ஷவருக்கு அடியில் இடம் மிச்சம். முடியோ எண்ணெய்ப் பிசுக்கோ சிக்கினால் மட்டும் சரியாக மூடாது. அப்போது கம்பி விட்டுக் குத்தாதீர்கள், சவ்வு கிழிந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும்.

ஷவருக்கு ஹெப்வோ, எண்ணெய் இறங்கும் சமையலறை சிங்குக்கு பி-ட்ராப் என்பதுதான் என் தேர்வு. அப்புறமும் வாடை வந்தால், சிங்குக்கு அடியில், வடிகால் குழாய்க்குள் காற்றை விட்டு வாடையை வெளியே விடாமல் தடுக்கும் காற்று வால்வைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். அதன் ரப்பர் காய்ந்து போயிருக்கலாம்.