பழைய குட்டி டிராக்டர் கொதிக்கிறதா? செம்பு ரேடியேட்டரைச் செப்பனிடுவதா, அலுமினியத்தில் புதிது போடுவதா?

இரண்டு வருடத்துக்கு முன் மாசி மாதம், கிழங்கு போட நிலம் பண்படுத்திக்கொண்டிருந்தபோது எங்கள் டிராக்டர் அடுத்தடுத்து இரண்டு நாள் கொதித்தது. காலை ஒன்பது மணிதான் இருக்கும். நுவரெலியாப் பக்கத்து எங்கள் கந்தப்பளையில் அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் ஆவி வரும். அந்தக் குளிரிலும் ரேடியேட்டர் மூடிக்குக் கீழே இருந்து சீறிக்கொண்டு வெந்நீர் வழிந்தது.

ஜப்பானில் ஒரு முறை உழைத்து முடித்துவிட்டு இங்கே வந்த டிராக்டர் அது. இரண்டு சிலிண்டர் டீசல், பின்னால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர். வெலிமடையில் இருக்கும் என் மச்சானிடமும் இதே ரகம், ஏறக்குறைய இதே வயது. அவருடையது ஆறு மாதம் முந்தியே சூடேறத் தொடங்கியிருந்தது. அவர் அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். நான் பழைய செம்பு ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு போய்ச் செப்பனிட்டேன். இரண்டுமே இப்போது மூன்று போகத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டன. நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை, செம்புப் பக்கம்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. சூடேறினாலே ரேடியேட்டர் போய்விட்டது என்று பணத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்கிறதா, சல்லடையிலும் ரேடியேட்டர் குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தகட்டுத் துடுப்புகளிலும் லீக்ஸ் தோலும் புல்லும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளிக் கழுவுங்கள். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் சந்தேகம் எஞ்சின் தலைக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட் மீது திரும்ப வேண்டும். அப்படியென்றால் இந்த ஒப்பீடு உங்களுக்குத் தேவைப்படாது.

மூடியைப் பற்றி மலைநாட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால்தான் கொதிநிலை நூறைத் தாண்டி மேலே போகும். அழுத்த அளவு 0.9 என்று அச்சிட்ட மூடி ஒழுங்காகப் பிடித்தால் இந்த உயரத்திலும் 115 பாகைக்குக் கிட்ட வரைக்கும் தண்ணீர் கொதிக்காது. அதே மூடியின் இறப்பர் வெடித்திருந்தால் அந்த இருபது பாகையும் போச்சு. இதோடு இங்கே காற்றும் கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஐதானது. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் இழுக்கிற காற்று குறைவு. குளிர் ஊரில் எஞ்சின் எப்படிக் கொதிக்கும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். முதலில் மூடியை மாற்றுங்கள், அது மலிவு. பழைய மூடியில் என்ன எண் இருந்ததோ அதையே வாங்குங்கள். கூட்டிப் போட்டால் பழைய ஹோஸ் தாங்காது.

நானும் மூடியை மாற்றினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் மறுபடியும் கொதித்தது. அப்போதுதான் கையை வைத்துப் பார்த்தேன். எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியதும் நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் இடமிருந்து வலமாக உள்ளங்கையை மெல்ல நகர்த்தினேன். மேலே சூடாகவும் கீழே ஆறியும் இருப்பது இயல்பு. நான் தேடியது பக்கவாட்டு வித்தியாசம். இடது பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை ஜில்லென்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு. குழாய்கள் மேலிருந்து கீழாக ஓடும் ரேடியேட்டரில் அப்படி ஒரு குளிர்ந்த பட்டை இருந்தால், அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். உள்ளே அடைப்பு.

சரி, அடைப்பு என்று தெரிந்துவிட்டது. இனிச் செப்பனிடுவதா, புதிது வாங்குவதா?

அலுமினியத்துக்குச் சேர வேண்டிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுகிறேன். அது எடை குறைவு. வெப்பத்தைக் கடத்துவதில் செம்புதான் மேல் என்றாலும், அலுமினியத்தில் குழாய்களை அகலமாகச் செய்ய முடிவதால் குளிர்விப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. இன்று ரோட்டில் ஓடும் வாகனங்களில் பெரும்பாலானவை அலுமினியம்தான். மச்சான் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் அரை நாள் அலைந்து வாங்கி வந்து, மறுநாளே பூட்டி, அன்று பின்னேரமே வேலைக்கு இறங்கிவிட்டார். என் டிராக்டர் ஒரு வாரம் கொட்டிலில் நின்றது. வேகத்தில் அவர்தான் முன்னால். பணத்தில் நான் முன்னால், அவர் கொடுத்ததில் பாதிகூட எனக்கு ஆகவில்லை. ஆனால் பணத்தை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

முடிவெடுக்க வைத்தது ஒரே கேள்வி. நாளைக்கு இது ஒழுகினால், யார், எங்கே, எத்தனை மணி நேரத்தில் அடைப்பார்கள்?

செம்பும் பித்தளையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தவை. ரேடியேட்டர் பற்றவைக்கும் ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை 200 பாகையை ஒட்டி உருகிவிடும். அதனால் ஒரு புளோ லாம்பும், அமிலமும், ஈயக் கம்பியும், கை பழகிய ஒரு பாஸும் (பட்டறை மிஸ்திரி) இருந்தால் போதும். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஒட்சைட்டுப் படலம் இருக்கும். அந்தப் படலம் 2,000 பாகையைத் தாண்டினால்தான் உருகும், அடியில் இருக்கும் உலோகமோ 660 பாகையிலேயே உருகி ஓடிவிடும். அதுவும் குழாய்ச் சுவர் தகரத்தைவிட மெல்லியது. கொஞ்சம் தவறினால் ஒழுகின ஊசித்துளை பட்டாணி அளவு ஓட்டையாகிவிடும். ஆர்கன் வெல்டிங், அதிலும் மெல்லிய வேலை பழகிய கை வேண்டும். எங்கள் பக்கத்துக் கராஜில் அது இல்லை. பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினியம் என்றால், விளிம்பில் வெடித்தால் அதோடு சரி.

என் ரேடியேட்டரைப் பாஸ் பிரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேல் தொட்டியின் விளிம்பைச் சுற்றிச் சுடர் காட்டிக்கொண்டே போனார். ஈயம் பாதரசம் போல மினுங்கி இளகியதும் ஒரு குறட்டால் தூக்கினார், தொட்டி தனியாக வந்துவிட்டது. உள்ளே வரிசையாகக் குழாய் வாய்கள். வலது பக்கத்து வாய்கள் கறுப்பாகத் திறந்திருந்தன. இடது பக்கத்தில் செங்கல் நிறத்தில் களி காய்ந்து இறுகி, வாயே தெரியவில்லை. அவர் அதை நகத்தால் சுரண்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது துரு மட்டும் இல்லை. ஆத்துத் தண்ணி ஊத்துறீங்களா?"

"பீலித் தண்ணிதான் பாஸ். வயல் பக்கத்துல அதுதான் இருக்கு."

"மழைக்குக் கலங்குற தண்ணி. மண்ணு வேற எங்க போகும்?"

தட்டையான எஃகுப் பட்டை ஒன்றை ஒவ்வொரு குழாயிலும் விட்டு ஏற்றி இறக்கினார். கீழே போட்டிருந்த சாக்கில் சிவப்புத் தூள் ஒரு கைப்பிடிக்கு மேல் விழுந்தது. இரண்டு குழாய்கள் தேறவில்லை, இரண்டு முனையையும் ஈயம் வைத்து அடைத்துவிட்டார். பிறகு தொட்டியை ஏற்றிப் பற்றவைத்து, வாய்களை மூடிக் காற்றேற்றித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஓரிடத்தில் வந்தது, தொட்டார், நின்றது. முழு வேலையும் ஒரு பகல். அதற்கு முன்னால் இருந்த வரிசைதான் என்னை ஒரு வாரம் காக்க வைத்தது. குழாய்களும் துடுப்புகளும் சேர்ந்த நடுப்பகுதியான கோரே உளுத்துப் போயிருந்தால், பழைய பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு புதுக் கோர் மட்டும் போடலாம் என்றும் சொன்னார். தொட்டி பழையதே என்பதால் ஹோஸ் வாய்களும் பூட்டும் துளைகளும் அப்படியே பொருந்தும்.

பொருந்துவது என்பது சின்ன விஷயம் இல்லை. எங்கள் டிராக்டரில் வாட்டர் பம்பே கிடையாது. அந்தக் காலத்து ஜப்பான் குட்டி டிராக்டர்கள் சிலவற்றில் அப்படித்தான். சூடான தண்ணீர் இலேசாகி மேல் ஹோஸ் வழியாக ஏறும், ரேடியேட்டரில் ஆறிக் கனத்துக் கீழே இறங்கும். அந்த இழுவை மட்டும்தான் ஓட்டம். தண்ணீர் மட்டம் மேல் ஹோஸ் வாய்க்குக் கீழே இறங்கினால் ஓட்டம் அறுந்துவிடும். சரிவில் டிராக்டர் சாய்ந்து நிற்கும்போது கொஞ்சக் குறைவும் பெரிய குறைவாகிவிடுகிறது. இந்த மாதிரி எஞ்சினுக்குக் குழாய்களில் தடையே இருக்கக் கூடாது. மச்சான் வாங்கியது நேராக இந்த மொடலுக்குச் செய்ததல்ல, அளவு பார்த்து எடுத்தது. மேல் வாய் சிறியது, இடையில் ஒரு துண்டு பைப் போட்டுச் சேர்த்திருக்கிறார். வேலை செய்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கடும் ஏற்றத்தில் ரொட்டவேட்டர் போட்டால் சூடு காட்டும் முள் என்னுடையதைவிட மேலே போகிறது. அது ரேடியேட்டரின் குற்றமா, அந்தச் சிறிய வாயின் குற்றமா என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் டிராக்டரில் பம்ப் இருந்தால் இந்தக் கவலை இவ்வளவு பெரிதில்லை.

அப்புறம் மச்சானுடையது ஒழுகிய கதை. சிறுபோகத்தில் வயலில் கிழங்கு போடுகிற நேரம், ஒரு பக்கத்துக் குழாய் தொட்டியோடு சேருமிடத்தில் ஈரம் கசிந்தது. பக்கத்துக் கராஜில் பிசின் வைத்துப் பூசினார்கள், சூடேறியதும் உரிந்துவிட்டது. வெல்டிங் தெரிந்தவரைத் தேடி, கொடுத்து, வாங்கிப் பூட்டப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் ஆட்களைப் பிடித்து மண்வெட்டியால் கொத்தினார். விதைக்கிழங்கு முளைவிட்டுக் காத்திருக்கும்போது ஒரு நாள் தாமதமும் எப்படி வலிக்கும் என்பது விதைத்தவர்களுக்குத் தெரியும். நியாயமாகச் சொன்னால், அவர் பூட்டும்போது அடியில் இறப்பர் வைக்கவில்லை. இரண்டு சிலிண்டர் எஞ்சின் அதிர்கிற அதிர்வுக்கு எந்த ரேடியேட்டரும் அப்படிப் பூட்டினால் வெடிக்கலாம். செம்பாக இருந்தாலும் ஒழுகியிருக்கும். ஆனால் மறுநாளே அடைத்திருப்போம்.

அலுமினியம் போடுகிறவர்கள் தண்ணீரில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வெறுந்தண்ணீர் ஊற்றினால் உள்ளிருந்து அரித்துவிடும். அரிப்பைத் தடுக்கும் கூலண்ட் கலந்தே ஊற்ற வேண்டும், அதையும் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். எர்த் (பற்றரி மைனஸிலிருந்து எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் போகும் இணைப்பு) சரியில்லாவிட்டால் கூலண்ட் வழியாகவே மின்சாரம் ஓடி ஓட்டை போடும். பார்க்க எளிய வழி இருக்கிறது: வோல்ட் மீற்றரின் கறுப்பு முனையை பற்றரியின் மைனஸில் வைத்து, சிவப்பை ரேடியேட்டர் வாயில் கூலண்டுக்குள் மட்டும் படும்படி பிடியுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைச் சுத்தம் செய்யுங்கள். செம்புக்கும் கூலண்ட் நல்லதுதான், நானும் இப்போது அதைத்தான் ஊற்றுகிறேன். அவசரத்தில் வெறுந்தண்ணீர் ஊற்ற நேர்ந்தாலும் செம்பு உடனே பழிவாங்காது என்பது மட்டும் வித்தியாசம்.

கழற்றிய வண்டியிலிருந்து எடுத்த பழைய ரேடியேட்டர் என்று மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று தெரியாமல் வாங்குவதால் எனக்கு அதில் மனம் போகவில்லை. ஒழுகலை அடைக்கிற தூள், திரவம் எல்லாம் பம்ப் இல்லாத எஞ்சினில் தயவுசெய்து போடாதீர்கள். ஒழுகலோடு ஓட்டத்தையும் அடைத்துவிடும்.

உங்கள் கோர் உளுத்து, துடுப்புகள் கை பட்டால் உதிர்கிற நிலையில் இருந்து, புதுக் கோர் போடுகிறவரும் பக்கத்தில் இல்லையென்றால், அலுமினியம் வாங்குவதில் தவறில்லை. பழையதைக் கையோடு கொண்டு போய் வாய் அளவு, உயரம், தடிமன் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். அடியில் இறப்பர் வையுங்கள். கழற்றிய செம்பைப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள், நிறுவைக்கு நல்ல விலை சொல்வார்கள், ஆசையாகத்தான் இருக்கும். மச்சான் அதை விற்காமல் கோழிக்கூட்டு மேல் போட்டு வைத்திருந்தார். போன மாதம் அதை எடுத்து, தூசி தட்டி, என் லொறியில் ஏற்றிவிட்டார். இப்போது அது பாஸிடம் வரிசையில் இருக்கிறது.