ஒரு 'ஐ' விட்டுப்போனால் பீரங்கி: சொல் தேடும் ஆப் ஒன்றைப் பற்றி

போன மாதம் ஒரு கடிதத்தில் ஆர்டினன்ஸ் என்று அடிக்கும்போது நடுவில் வரவேண்டிய 'ஐ' விட்டுப்போய்விட்டது. சட்டம், ஆணை என்று நான் சொல்ல வந்தது பீரங்கியிலும் வெடிமருந்திலும் போய் நின்றது. பிழைதிருத்தி வாயே திறக்கவில்லை, அதற்கென்ன, இரண்டும் அகராதியில் இருக்கும் சொற்கள்தானே. அந்த வெட்கத்தில் தேடி இறக்கியதுதான் இந்த ஆப். எழுத்துகளைக் கொடுத்தால் அவற்றில் அமையும் ஆங்கிலச் சொற்களையும், ஓரெழுத்து மட்டும் மாறி வரும் சொற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பொருள் சொல்கிறது. குறை நிறைய சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

தேடுவதில் கில்லாடி, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். எல், ஈ, ஏ, எஸ், டி என்று ஐந்து எழுத்து கொடுத்தேன். லீஸ்ட், ஸ்லேட், பழசாகிப் போன ஸ்டேல், திருட்டு என்னும் ஸ்டீல், கதைகள் என்னும் டேல்ஸ், இதுவரை எனக்கும் தெரியும். கூடவே ஸ்டீலா என்று ஒன்று வந்தது, எழுத்து பொறித்து நட்ட கல்லாம், நம் நடுகல் போல. அப்புறம் இன்னொரு டேல்ஸ்: சீனாவில் வெள்ளியை நிறுத்த பழைய எடை அளவு, உச்சரிப்பும் கதைகளுக்கு உள்ளதேதான்.

கடைசியில் வந்தது சீட்டல். பொருள்: 'சீட்டா சார்ந்தது'. சரி, சீட்டா என்றால் என்ன என்று தேடினால் அந்தச் சொல்லே ஆப்பில் இல்லை! வேறு அகராதியைப் புரட்டித்தான் அது மண்புழு போன்றவற்றின் உடம்பில் இருக்கும் குட்டி முள்மயிர் என்று தெரிந்துகொண்டேன். லீஸ்ட் தினமும் புழங்கும் சொல், சீட்டலை உயிரியல்காரர்கள் தவிர யாரும் தொடமாட்டார்கள், ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு வரிதான், அரிய சொல் என்று ஓர் அடையாளம்கூட இல்லை.

அரை, அறை என்று பள்ளியில் அடிவாங்கிப் பழகிய நமக்கு ஓரெழுத்து வித்தியாசம் புதிதில்லை, அது மனதில் நிற்க ஒரு பிடி வேண்டும், அவ்வளவுதான். டிஸ்கிரீட் இரண்டில் பக்குவமாக, வெளியே தெரியாமல் நடந்துகொள்வதைச் சொல்லும் சொல்லில் இரண்டு 'ஈ'யும் ஒட்டி நிற்கும். தனித்தனியானது என்று பொருள்படும் சொல்லில் நடுவே 'டி' புகுந்து இரண்டையும் பிரித்துவிடும். இதை ஆப் அழகாக, எழுத்துக்கு நிறம் கொடுத்துக் காட்டுகிறது. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஸ்டேஷனரிக்கு அந்தச் சிரத்தை இல்லை. 'ஏ' வந்தால் நகராதது, 'ஈ' வந்தால் எழுதுபொருள், முடிந்தது. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றி விற்காமல் ஓரிடத்தில் கடை போட்டு உட்கார்ந்த புத்தக வியாபாரியை ஸ்டேஷனர் என்றார்கள், அதிலிருந்துதான் எழுதுபொருளுக்கு இந்தப் பெயர். இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் இரண்டும் எப்படி உறவு என்று புரிந்திருக்கும். என்னைக் கவிழ்த்த ஆர்டினன்ஸிலும் இதே கதை, பீரங்கிச் சொல் ஆணைச் சொல்லிலிருந்தே சுருங்கி வந்தது என்பதை ஆப் சொல்லவே இல்லை.

பெரிய தப்பு அஃபெக்ட், எஃபெக்ட் பக்கத்தில். முதலாவது எப்போதும் வினை, இரண்டாவது எப்போதும் பெயர் என்று அடித்துச் சொல்கிறது. ஒரு மாற்றத்தை நடத்திக் காட்டுவதற்கு எஃபெக்டும் வினையாக வரும், உளவியலில் உணர்ச்சி வெளிப்பாட்டுக்கு அஃபெக்ட் பெயர்ச்சொல்லாகவே வரும்.

ஸ்கிராபிள் ஆடுபவர்கள் தாராளமாக இறக்கலாம், கையிலுள்ள ஏழு எழுத்தையும் ஒரே சொல்லில் வைத்து 50 புள்ளி கூடுதலாக வாங்கப் பொருள் தெரியவேண்டிய அவசியமில்லை. கடிதம் எழுத இதை மட்டும் நம்பவேண்டாம். ஐந்துக்கு மூன்று, அதில் ஒன்று அந்த நிறம் தீட்டிய 'டி'க்காக.