கேரவன் குளியலறைக்கு ஹெப்வோ வால்வு: நல்ல சரக்குதான், சல்லடையோடு

வேனுக்கு அடியில் பி-ட்ராப் (தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய்) மாட்ட இடமில்லையா? ஹெப்வோ என்கிற வடிகால் வால்வு சரிப்படும். உள்ளே தண்ணீர் தேங்காது. சிலிக்கோன் சவ்வு ஒன்று தண்ணீர் போகும்போது விரிந்து, போனதும் ஒட்டிக்கொள்ளும். பாபநாசம் ரோட்டு வேகத்தடையில் ட்ராப் தண்ணீர் தளும்பிக் காலியாகி, கழிவுநீர்த் தொட்டி நாற்றம் உள்ளே ஏறும் தொல்லை இதில் இல்லை. 32, 40 மில்லிமீட்டர் அளவுகளில் வருகிறது. குளியலறைக்கு 40 வாங்குங்கள். அம்புக்குறி தொட்டிப் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் தண்ணீர் இறங்காது.

இதற்கு எமன் குற்றாலத்து எண்ணெய்க் குளியல்தான். சீயக்காய்த்தூள், எண்ணெய், முடி மூன்றும் திரண்டு சவ்வின் உதட்டில் களியாக ஒட்டும், வாய் மூடாது. கம்பியால் குத்தினால் சவ்வு கிழியும், ஆசிட்டும் ஆகாது. நட்டைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். கை நுழைய இடம்விட்டு மாட்டினால்தான் அது முடியும். மேலே முடி பிடிக்கும் சல்லடை கட்டாயம்.

தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்பதற்காக மட்டும் இதை வாங்காதீர்கள். முதலில் தொட்டியின் வடிகாலைத் திறந்து பாருங்கள். சட்டென்று இறங்கினால் தொட்டி நிறைந்திருக்கிறது, அல்லது தொட்டியின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. அப்போதும் இறங்காவிட்டால் குழாய்ச் சாய்வைப் பாருங்கள்: அடிக்குக் கால் அங்குலம் வேண்டும்.