பழைய கேம்களும் 27 அங்குலத் திரையும்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

2560 × 1440 பிரிதிறன் (அகலத்தில் 2560, உயரத்தில் 1440 பிக்சல் புள்ளிகள்) கொண்ட 27 அங்குல மொனிட்டர் ஒன்றை ஹட்டனில் உள்ள எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வேலைக்காக வாங்கியதுதான் என்றாலும், இரவில் அதில் பெரும்பாலும் ஓடுபவை 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வெளிவந்த கேம்கள். அவற்றை நானும் அக்காவின் மகனும் சேர்ந்து விளையாடுகிறோம். இவ்வளவு காலம் பார்த்த பின் என் தீர்மானம் உறுதியாகிவிட்டது. முதலில் காக்க வேண்டியது படத்தின் வடிவம், அடுத்தது இரண்டு, மூன்று என முழு எண் மடங்கில் பெரிதாக்குவது; திரையை ஓரம் வரை நிரப்புவது கடைசியில்தான் வரும்.

நகரத்துக் கொம்யூனிகேஷன் கடைகளில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடியவர்கள் அன்று பார்த்தவை சீ.ஆர்.டி. என்ற படக்குழாய் மொனிட்டர்கள். அவை 4:3 விகிதத்தில் இருந்தன. 640 × 480 கொடுத்தாலும் 1024 × 768 கொடுத்தாலும் எலக்ட்ரோன் கற்றை அதற்கேற்ப வரைந்துவிடும். இன்றைய தட்டைத் திரையில் பிக்சல்களின் எண்ணிக்கை மாறாதது. சிறிய படத்தைப் பெரிய திரையில் பரப்பும்போது ஒரு பழைய பிக்சலுக்கு இரண்டரை புதிய பிக்சல் என்று கணக்கு வந்தால், அந்த அரைப் பங்கைப் பக்கத்து நிறத்தோடு கலந்தே காட்ட முடியும். எழுத்துகள் கலங்கித் தெரிவதற்குக் காரணம் இதுதான். அதற்கு மேல், 4:3 படத்தை 16:9 திரை முழுவதும் இழுத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். கிரிக்கெட் 07 விளையாட்டில் துடுப்பாட்ட வீரர்கள் தடித்தும் பந்து முட்டை வடிவிலும் தெரிவதைப் பார்த்துப் பழகியவர்கள், அந்தக் கேமே அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள்.

“ஏன் மாமா ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கு?” என்று மருமகன் தொடக்கத்தில் கேட்டான். வரைந்தவர்கள் வரைந்த அளவில் பார்க்க வேண்டுமானால் அந்தக் கறுப்பு இருக்கத்தான் வேண்டும் என்று விளக்கி, இரண்டு விதமாகவும் ஓடவிட்டுக் காட்டினேன். இப்போது படத்தை இழுத்துப் பரப்பினால் முதலில் குறை சொல்பவன் அவன்தான்.

உயரத்தில் 1440 பிக்சல் வரிகள் கொண்ட திரையின் பெரிய நன்மை, 480ஐ மூன்றால் பெருக்கினால் சரியாக 1440 வருவதுதான். 1998இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் போன்ற 640 × 480 கேம்கள் மேலும் கீழும் இடைவெளியே இல்லாமல், ஒவ்வொரு பிக்சலும் கூர்மையாக 1920 × 1440 அளவில் நிற்கின்றன. 800 × 600 இரு மடங்காகி 1600 × 1200 ஆகிறது. இதைவிட 4கே திரை எல்லா வகையிலும் மேலானது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அதன் 2160 வரிகளில் 480 நான்கரை தடவை அடங்குவதால், நான்கு மடங்கோடு நிறுத்திச் சுற்றிலும் ஓரம் விட வேண்டியிருக்கும். 1080 வரித் திரையில் 800 × 600 கேம் ஒரு மடங்குக்கு மேல் போகாது. பழைய கேம்களுக்கு மிகவும் பொருந்தாத திரை அதுதான் என்பது என் கருத்து.

விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளக் காலத்துக் கேம்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அவற்றின் 320 × 200 படம் 4:3 திரையை நிரப்பும்படி வரையப்பட்டதால், பிக்சல்கள் சதுரமானவை அல்ல. ஒரு பிக்சலின் உயரம் அதன் அகலத்தைப் போல் 1.2 மடங்கு. அகலத்தில் ஐந்தும் உயரத்தில் ஆறுமாகப் பெருக்கினால் 1600 × 1200 கிடைக்கும், அது 1440 வரிக்குள் நன்றாக அடங்கும். அந்தக் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டொஸ்பொக்ஸ் செயலியின் பழைய வடிவத்தில் இந்த விகிதத் திருத்தம் இயல்பாக அணைந்திருக்கும், நாமே அமைப்புக் கோப்பில் அதை இயக்க வேண்டும். அதிலிருந்து பிரிந்து வளர்ந்த டொஸ்பொக்ஸ் ஸ்டேஜிங்கில் அது முன்னரே இயங்கிக்கொண்டிருக்கும். விகிதத்தைத் திருத்திய பிறகுதான் பிரின்ஸ் ஒஃப் பெர்சியாவின் இளவரசன் தன் உண்மையான உயரத்தில் ஓடினான்.

முழு எண் மடங்கைக் கிராஃபிக்ஸ் கார்ட்டே செய்து தரும் வசதியை என்விடியா, இன்டெல், ஏ.எம்.டி. மூன்றும் 2019இல் கொண்டுவந்தன. ஆனால் என்விடியாவில் டியூரிங் தலைமுறைக்கு முந்திய கார்டுகளில் அது கிடைக்காது; மலையகத்தில் பெரும்பாலானோர் வாங்குவது பாவித்த கணினிகள் என்பதால், அந்த வசதியை நம்பி இருக்க முடியாது. விண்டோஸின் பழைய வரைகலை முறையான டிரெக்ட்டிராவை நம்பிய கேம்களுக்கு சிஎன்சி-டிடிராவும், கிளைட், பழைய டிரெக்ட்3டி என்ற முப்பரிமாண முறைகளில் ஓடும் கேம்களுக்கு டிஜிவூடூ 2உம் எனக்கு அதைவிட நன்கு பயன்பட்டன. இவை பழைய வரைகலை முறையை இன்றைய கணினிக்கு ஏற்ப மாற்றித் தரும், கேமின் கோப்புறையிலேயே வைக்கப்படும் சிறு கோப்புகள் என்பதால் மொபைல் டேட்டாவிலும் எளிதாக இறங்கிவிடும். அமைப்புகளும் அதே கோப்புறையில் இருப்பதால், ஹட்டனில் சரிசெய்த கேமைப் பென் டிரைவில் போட்டுத் தலவாக்கலையில் இருக்கும் தம்பிக்குக் கொடுத்தால், அவனது வேறு அளவுத் திரையிலும் வடிவம் கெடாமல் ஓடுகிறது. விண்டோஸ் 7இல் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் II விளையாடியபோது புல்லும் தண்ணீரும் நிறம் மாறித் தெரிந்த 256 நிறத் தொல்லையும் சிஎன்சி-டிடிராவோடு மறைந்துவிடுகிறது.

1999இல் வந்த அந்தக் கேமுக்கு அகலத் திரை வசதியைச் சேர்க்கும் யூசர்பெட்ச் என்ற திருத்தமும் உண்டு. அதைப் போட்டு 2560 × 1440இல் ஓடவிட்டால் வரைபடம் பரந்து தெரியும், ஆனால் கிராமத்தவர்கள் எறும்பளவாகிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் கண் வலிக்கத் தொடங்கும். கேமை 1280 × 720இல் வைத்து இரு மடங்காக்குவதே நீண்ட நேர விளையாட்டுக்கு ஏற்றது. விண்டோஸில் திரை அளவீட்டை 150 சதவீதமாக வைத்திருப்பவர்கள், கேம் கோப்பின் பண்புகளுக்குள் சென்று உயர் டி.பி.ஐ. அளவீட்டைச் செயலியிடமே ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தின் ஒரு மூலை திரைக்கு வெளியே போய்விடக்கூடும்.

முப்பரிமாணக் கேம்களில் பிரிதிறனைவிடப் பார்வைக் கோணமும் வேகமும் கூடுதல் கவனம் கேட்கின்றன. கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ வரிசையின் வைஸ் சிட்டி கேமில் பக்கக் காட்சியையும் தகவல் குறிகளையும் சரிசெய்யும் அகலத் திரைத் திருத்தத்தைப் போட்ட பின்னும், விநாடிக்கு 30 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்ற அதன் வரம்பை நீக்காமல் விடுவதே நல்லது. வரம்பை நீக்கினால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் வாகனங்களின் நடத்தை கெடும்.

இந்தத் திரையில் இன்னும் மனநிறைவு தராதவை 1024 × 768இல் மட்டும் ஓடும் இருபரிமாணக் கேம்கள். 1440 வரிக்குள் இரு மடங்கு அடங்காது, ஒரு மடங்கு மிகச் சிறியது. அவற்றை மட்டும் விகிதம் காத்து 1920 × 1440க்குப் பெரிதாக்கி, ஓரங்களைச் சற்று மென்மையாக்கும் வடிகட்டியோடு விளையாடுகிறேன்.