கிளாசிக் 350-க்குச் சாடில் ஸ்டே: புதுப்பேட்டைப் பட்டறை ஒன்றின் வேலைப்பாடு

ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350-இல் சாடில் பேக் (பின்சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கும் பை) மாட்ட விரும்புகிறவர்கள், பையைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதைத் தாங்கும் உலோகச் சட்டமான ஸ்டேயின் மீது காட்டுவதில்லை. பை கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். ஓடும் வண்டியில் ஸ்டே வளைந்து பை பின்சக்கரத்துக்குள் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்டேக்களை விட்டுவிட்டு, சென்னை புதுப்பேட்டையில் உள்ள ஒரு சிறிய பட்டறையில் என் வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்துகொண்டேன்.

பட்டறைக்காரரிடம் எனக்கு முதலில் பிடித்தது, சேசிஸில் எந்த இடத்திலும் வெல்டிங் வைக்க மாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொன்னதுதான். ஸ்டேயின் மேல் முனைகள் பின்மட்கார்டின் போல்ட்டுகளிலும், கீழ் முனை பின்னிருக்கை ஃபுட்ரெஸ்ட்டின் பிடிமானத்திலும் சேர்கின்றன. மேலே மட்டும் மாட்டப்படும் ஸ்டே, குழியில் வண்டி இறங்கும்போதெல்லாம் கதவுபோல் உள்ளும் புறமும் ஆடும். கீழே மூன்றாவது பிடி இருந்தால் அந்த ஆட்டம் அடங்கிவிடும். கூடுதல் தடிமனுக்கு ஏற்ப நீளமான போல்ட்டுகள் தேவைப்பட்டன. தலையில் 8.8 என்று பொறித்த உயர்வலிமை போல்ட்டுகளைத் தேடி எடுத்து, அதிர்விலும் எளிதில் தளராத நைலாக் நட்டுகளுடன் முறுக்கினார்.

வலப்பக்கம்தான் உண்மையான சோதனை. அங்கே சைலன்சர் இருப்பதால், பை சற்றுத் தாழ்ந்தாலும் அடித்துணி உருகிவிடும். பைகளில் மணல் மூட்டைகளை வைத்து, பின்னிருக்கையில் இரண்டு பேரை உட்காரவைத்து ஷாக் அப்சார்பர் நன்றாக அமுங்கிய நிலையில், பைக்கும் டயருக்கும் இடையிலும் பைக்கும் சைலன்சருக்கும் இடையிலும் விரல்களை நுழைத்துப் பார்த்தார். இடைவெளி போதவில்லை என்று தோன்றியதும் வலது ஸ்டேயைக் கழற்றி, வளைவை உயர்த்தி மீண்டும் பற்றவைத்தார். நிறுத்திய வண்டியில் மட்டும் அளவெடுக்கும் கடைகளில் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

இடப்பக்கச் சாரி கார்டைக் கழற்றாமல், அதற்கு வெளியே ஸ்டே நிற்கும்படி அமைத்திருப்பதும் சரியான முடிவு. பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் அந்தத் தடுப்பை மோட்டார் வாகன விதிகளே கட்டாயமாக்கியிருக்கின்றன. பை மறைக்காதபடி பின் இண்டிகேட்டர்களைப் பின்னோக்கி நகர்த்தியபோதும், கம்பெனி வயரை வெட்டாமல் கனெக்டருடன் கூடிய நீட்டிப்பு வயரையே சேர்த்தார். நாளை எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் வண்டி பழைய நிலைக்கே திரும்பிவிடும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வதால், இது எனக்கு முக்கியமாகப் பட்டது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பைகள் அசையவில்லை. எங்கும் தரையையோ சைலன்சரையோ உரசவும் இல்லை. சுமையோடு போகும்போது ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, கூட்டிவைப்பது அவசியம். புதிய கிளாசிக்கில் அதற்கு ஆறு நிலைகள் உண்டு. எடையை இரு பைகளிலும் சமமாகப் பிரித்து, கனமானவற்றை அடியில் வைத்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்காது.

குறை இல்லாமல் இல்லை. பவுடர் கோட்டிங் செய்யாமல் ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் அடித்திருந்ததால், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வெல்டிங் இணைப்புகளில் துரு ஏறத் தொடங்கிவிட்டது. இவ்வளவு கவனமான வேலைக்கு அந்த முடிப்பு பொருந்தவே இல்லை; செய்துகொள்கிறவர்கள் பவுடர் கோட்டிங்கையும் முன்பே பேசிக் கூலியில் சேர்த்துவிடுவது நல்லது. 2021-க்கு முந்தைய கிளாசிக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: புதிய எஞ்சினில் அதிர்வைக் குறைக்க உள்ள பேலன்சர் ஷாஃப்ட் அந்தப் பழைய எஞ்சினில் இல்லை, அதனால் அதிர்வு அதிகம். ஆகவே ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்பும் ஸ்டேயின் எல்லா போல்ட்டுகளையும் ஸ்பானர் வைத்துச் சரிபார்த்த பிறகே பையை மாட்ட வேண்டும்.